ஒரே ஒலி, வேறு வேர்

திருகோணமலைப் புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகை, இலங்கையின் மற்றெல்லா நிலையங்களையும் போல, ஊரின் பெயரை மூன்று மொழிகளில் சொல்கிறது. தமிழில் திருகோணமலை. சிங்களத்தில் த்ரிகுணாமலய. ஆங்கிலத்தில் ட்ரிங்கோமலி. ஒரே பெயரை மூன்று நாக்குகள் மூன்று விதமாக உச்சரிக்கின்றன என்றே முதலில் தோன்றும். ஆனால் ஒவ்வொரு காதும் அதற்குள் வேறு பொருளைக் கேட்கிறது. தமிழருக்கு முதற்சொல் 'திரு'. அது புனிதத்தைக் குறிக்கும் அடைமொழி, எடுத்துவிட்டாலும் கோணமலை நிற்கும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதே இடத்தில் 'த்ரி' என்று ஒலிப்பதால் 'மூன்று' என்ற எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்று மூலை மலை என்றும் மூன்று சிகர மலை என்றும் விளக்கங்கள் அப்படிப் பிறந்தவைதான். ஊர்க்காரருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர்கள் 'திருமலை' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

அப்படிச் சொல்லும்போது நழுவிப்போகும் நடுச்சொல்தான் இந்த அத்தியாயத்தின் பொருள். 'கோண' என்ற இரண்டு அசை ஒலியை உலகம் முழுதும் தேடினால், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகளில் அது கிடைக்கிறது. சில இடங்களில் பொருள்கூட ஒத்துப்போகிறது. எது உறவு, எது கடன், எது தற்செயல் என்று பிரித்தறிய மொழியியலுக்கு இருநூறு ஆண்டுகளாக ஒரு முறை உண்டு. அதைப் பழகிப் பார்க்க இந்த மலையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தமிழிலிருந்து தொடங்குவோம். கோண் என்றால் வளைவு. கோணுதல், கோணல், கோணல்மாணல், 'முகம் கோணாமல்' எல்லாம் அதன் பிள்ளைகள். கோடுதல் என்றாலும் வளைதலே, கோட்டம் வளைவு. விலங்கின் கொம்புக்கும் மலைச் சிகரத்துக்கும் கோடு என்று பெயர். கொடுவாள் வளைந்த வாள், கொடுங்கோல் வளைந்த கோல். அதனால்தான் நேரான கோல் செங்கோல் ஆயிற்று. தெலுங்கிலும் கோன உண்டு. சித்தூர்ப் பக்கத்துத் தலகோன அருவியின் பெயரில் அது மலையிடுக்கைக் குறிக்கிறது. தாமஸ் பர்ரோவும் முர்ரே எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இத்தகைய சொற்களை மொழிவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறது. ஒரு சொல் ஒரு மொழியில் வேரூன்றியதா என்று பார்க்க வேண்டுமானால் அதன் உடன்பிறப்புகளைத் தேட வேண்டும். வினை உண்டா, பெயர் உண்டா, நெடில் உண்டா, குறில் உண்டா, அண்டை மொழியில் ஒலிவிதிப்படி மாறிய வடிவம் உண்டா? கோண் இத்தனைக்கும் பதில் சொல்கிறது.

பொருளும் இடத்துக்குப் பொருந்துகிறது. வடக்கே ஒரு குடா, தெற்கே ஒரு குடா, நடுவில் கடலுக்குள் வளைந்து நீளும் பாறை முனை; அதன் உச்சியில் கோணேசர் கோயில். கடற்பக்கம் பாறை செங்குத்தாக இறங்குகிறது. படகில் வருகிறவனுக்கு இது கரை திரும்புகிற மூலை. ஆனால் பொருத்தம் என்பது சான்று ஆகாது. அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்; பின்னால் தேவைப்படும்.

அடுத்து கிரேக்கம். அங்கே மூலைக்கு, கோணத்துக்கு, 'கோனியா' என்று பெயர். முக்கோணம் 'திரிகோனொன்'. பார்த்தொலோமேயுஸ் பிதிஸ்குஸ் என்ற ஜெர்மானியர் 1595இல் தம் நூலுக்கு இந்தச் சொல்லை வைத்தே 'திரிகொனொமெத்ரியா' என்று தலைப்பிட்டார். இன்று இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர் திரிகோணகணிதம் என்று படிப்பது அதைத்தான். ஒலி ஒன்று, பொருள் ஒன்று. அப்படியானால் கிரேக்கமும் தமிழும் உறவா? இந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடு கேட்டு, 'ஆம்' என்று அதைவிட மகிழ்ச்சியோடு பதில் எழுதிய நூல்கள் நம்மிடம் நிறைய உண்டு.

கிரேக்கச் சொல்லின் உடன்பிறப்புகளைக் கூப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். கோனியாவுக்கு மிக நெருங்கிய சொல் 'கொனு', அதாவது முழங்கால். இலத்தீனில் முழங்கால் 'கெனு', வடமொழியில் 'ஜானு', ஆங்கிலத்தில் 'நீ'. ஆங்கிலச் சொல்லை எழுதும்போது முன்னால் ஒரு ககரம் நிற்கிறது. பழைய காலத்தில் அதை உச்சரித்தார்கள். கிரேக்கத்தில் மெல்லிய ககரம் வரும் இடத்தில் வடமொழியில் ஜகரமும் ஆங்கிலத்தில் வல்லின ககரமும் வருகின்றன. இது ஒரு சொல்லில் மட்டும் நடப்பதில்லை. குலத்தைக் குறிக்கும் சொல் கிரேக்கத்தில் 'கெனொஸ்', வடமொழியில் 'ஜன', ஆங்கிலத்தில் 'கின்'. அதே மூன்று ஒலிகள், அதே வரிசை. இப்படித் திரும்பத் திரும்ப வருகிற ஒழுங்கைத்தான் மொழியியல் உறவுக்குச் சான்றாக ஏற்கிறது. கிரேக்கத்துக் கோணம் முழங்கால் மடிப்பிலிருந்து வந்தது. தமிழ்க் கோணத்துக்குப் பின்னால் முழங்கால் இல்லை. வளைவு என்ற வினை இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகப் பிறந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தவை.

1816இல் சென்னையில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்று நிறுவியதும் இந்த வழியில்தான். காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்குத் தாம் எழுதிய குறிப்பில் அவர் வேர்ச்சொற்களை வரிசையாக அடுக்கி ஒப்பிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு அது நாற்பது ஆண்டு முந்தையது. எல்லிஸின் பெயரைப் பள்ளிப் புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

இங்கே கதை கொஞ்சம் சிக்கலாகிறது, ஏனென்றால் வடமொழியிலும் 'கோண' உண்டு. மூலை என்றுதான் அங்கும் பொருள். இது திராவிடத்திலிருந்து போன கடன் என்று கருதும் அறிஞர் உண்டு. அதன் மேல் கிரேக்கமும் வந்து சேர்ந்தது. பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளில் கிரேக்க வானியலும் சோதிடமும் இந்தியாவுக்கு வந்தபோது கலைச்சொற்களும் கூட வந்தன. மையம் என்ற பொருள் கொண்ட 'கென்த்ரொன்' கேந்திரம் ஆயிற்று. சாதகக் கட்டத்தில் சோதிடர் சொல்லும் கேந்திரம் அதுதான். அதே வழியில் 'திரிகோனொன்' திரிகோணம் ஆயிற்று. ஒலியைக் கூர்ந்து பாருங்கள். கிரேக்கச் சொல்லின் நடுவில் இருப்பது மெல்லிய ககரமும் பல்லின் பக்கம் ஒலிக்கும் னகரமும். வடமொழி வடிவத்தில் அவை வல்லின ககரமும் நாவை மடித்து ஒலிக்கும் ணகரமும் ஆகிவிட்டன. புதிதாக வந்த சொல்லைக் கேட்டவர்கள் தம்மிடம் ஏற்கெனவே இருந்த 'கோண' என்ற சொல்லின் வார்ப்பில் அதை ஊற்றிக்கொண்டார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். வெவ்வேறு நாட்டில் பிறந்த இரண்டு கோணங்கள் இந்தியாவில் ஒரே சொல்லுக்குள் குடிபுகுந்துவிட்டன.

வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில் இன்னொரு கோணன் இருக்கிறான். அவன் சனி. கிரகங்களுக்குப் பெயர் சொல்லும் இடத்தில் சூரியனுக்கு ஹேலி, செவ்வாய்க்கு ஆரன், சனிக்குக் கோணன் என்று வருகிறது. ஹேலி கிரேக்க ஹேலியோஸ், ஆரன் ஏரெஸ், கோணன் க்ரோனொஸ். நடுவிலிருந்த ரகரம் தேய்ந்து மூலையைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஆகிவிட்டது. நவக்கிரகச் சந்நிதியில் எள் விளக்கு ஏற்றுகிறவர் சனியின் பெயர்களில் கோணஸ்தன் என்பதைக் கேட்டிருக்கலாம். மூலையில் நிற்பவன் என்று அதற்கு உரை சொல்வது, க்ரோனொஸ் மறந்துபோன பிறகு வந்த வழக்கம்.

தமிழில் இந்த மயக்கம் கூடுதலாக வருவதற்கு நம் எழுத்தும் ஒரு காரணம். வடமொழியின் நான்கு ககரங்களுக்கும் நம்மிடம் ஒரே க. கும்பகோணத்தைப் பாருங்கள். தேவாரக் காலத்தில் அந்த ஊர் குடமூக்கு. குடத்தின் மூக்கு. அதை வடமொழியில் சொன்னபோது கும்பகோணம் என்றார்கள். ஆனால் அங்கே வரும் சொல் மூலையைக் குறிக்கும் கோணம் அன்று, மூச்சொலி கலந்த ககரத்தோடு தொடங்கும் 'கோணா'. அதற்கு மூக்கு என்று பொருள். தமிழில் எழுதியதும் மூக்கும் மூலையும் ஒன்றாகிவிட்டன. காவிரிக்கரைக் கோணம் மூக்கு, திருமலைக் கோணம் வளைவு. எழுத்தில் ஒரு வேறுபாடும் தெரியாது. அரிசி மூட்டை கட்டும் கோணியும் வடமொழியில் 'கோணீ' என்று வேறு ககரத்தில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 'கன்னி'ப் பை என்பது அதிலிருந்து போனது. இதற்கு நேர்மாறாக, நம் எழுத்து காட்டும் ஒரு வேறுபாட்டை ஆங்கில எழுத்து மறைக்கிறது. கோணேசரை ஆங்கிலத்தில் எழுதினால் ண, ன இரண்டும் ஒரே எழுத்து. அதைப் பார்த்து 'கோன்', அதாவது அரசன், என்று பொருள் சொல்கிறவர்கள் உண்டு. தமிழ்ப் பலகையை ஒருமுறை வாசித்தாலே தீர்ந்துபோகும் சந்தேகம் அது.

இனிப் பசுவின் காதுக்கு வருவோம். 5ஆம் நூற்றாண்டளவில் பாளியில் எழுதப்பட்ட மகாவம்சம், மகாசேன மன்னன் கோகண்ணத்தில் தேவர் கோயிலை அழித்து விகாரை கட்டினான் என்கிறது. அது திருகோணமலை என்பதே ஆய்வாளரின் பொதுக் கருத்து. கோகண்ணம் என்பது வடமொழியில் கோகர்ணம்: கோ பசு, கர்ணம் காது. கர்நாடகக் கடற்கரையில் புகழ்பெற்ற சிவத்தலம் ஒன்றுக்கும் இதே பெயர். வடமொழியின் 'ர்ண' பாளியில் 'ண்ண' ஆகும்; அதனால் காதுக்குப் பாளியில் 'கண்ண'. தமிழ்க் காதுக்கு இது கண் என்றே கேட்கும். காதும் கண்ணும் இவ்வளவு நெருங்கி ஒலித்தும் அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை.

கோகர்ணம் என்ற சொல்லுக்கு வடமொழியில் மானினம் ஒன்றும் பொருள். காது பெரிதாக இருப்பதால் வந்த பெயர். பாளியிலும் கோகண்ண ஒரு பெரிய மான். சிங்களத்தில் உயிரெழுத்துகளுக்கு நடுவே நின்ற ககரம் தேய்ந்து மறைந்து, இரண்டு உயிரும் சேர்ந்து நீண்டு, 'கோனா' ஆயிற்று. நாம் மரை என்று சொல்லும் விலங்குதான் அது. தமிழ்நாட்டில் கடமான் என்பார்கள். திருகோணமலைக் கோட்டைக்குள் சுற்றுலாப் பயணிகளிடம் பழம் கேட்டுத் திரியும் புள்ளிமான்களோடு இதைக் குழப்ப வேண்டாம். அவை வேறு இனம், சிங்களத்தில் வேறு பெயர். 'கோனா'வைக் குறுக்கி 'கொனா' என்றால் சிங்களத்தில் எருது. அது பாளியின் 'கோண' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் காதுக்கும் தொடர்பில்லை. வடமொழியில் பசுவைக் குறிக்கும் சொல்லை மக்கள் எப்படியெல்லாம் திரித்துப் பேசுகிறார்கள் என்று பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் பட்டியலிடும்போது 'கோணி' என்றும் ஒன்றைச் சொல்கிறார். இலக்கணக்காரர் பிழை என்று ஒதுக்கிய வடிவத்தின் உறவு இன்று கந்தளாய் வயலில் உழுகிறது. நெடிலுக்கும் குறிலுக்கும் இடையே ஒரு மாத்திரைதான், ஆனால் ஒரு பக்கம் காட்டு மரை, மறுபக்கம் வீட்டு எருது.

இவ்வளவு நேரம் பெரும்பாலும் தெற்காசியாவுக்குள்ளேயே நின்றோம். வெளியே போனால் இன்னும் வியப்பு. ஐஸ்லாந்து மொழியில் 'கோனா' பெண். கிரேக்க 'கினே'யும் ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் 'குவீன்' என்பதும் அதன் உடன்பிறப்புகள். ஜப்பானியத்தில் 'கொனா' மாவு. சுவாகிலியில் 'கோனா' என்றால் மூலை. கென்யாவில் கால்பந்துப் போட்டியில் மூலையிலிருந்து பந்தை உதைத்தால் அதுவும் கோனா. தமிழ்க் கோணத்துக்கு இதைவிடப் பொருந்திய இணை கிடைக்காது. இந்துமாக்கடல் வணிகம், பருவக்காற்று, சோழர் கப்பல் என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். ஆனால் சுவாகிலிச் சொல் ஆங்கிலத்தின் 'கார்னர்' என்பதிலிருந்து வந்த கடன். கார்னரோ இலத்தீனின் 'கோர்னு', அதாவது கொம்பிலிருந்து வந்தது. ஒலியும் பொருளும் இரண்டும் பொருந்தியும் உறவு இல்லாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஹவாய்த் தீவின் 'கோனா'வைத் திருமலை மீனவருக்கு எளிதாக விளக்கலாம். அங்கே ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்குக் காற்று வீசுகிறது. காற்றுக்கு மறைவான பக்கம் கோனா. நம் கிழக்குக் கரை சோழகக் காற்று மாதங்களில் அப்படித்தான் இருக்கிறது. மேற்கே காலியில் அலை சீறும்போது நிலாவெளியில் கடல் தட்டையாகக் கிடக்கும். ஹவாய்ச் சொல்லின் மூலம் பொலினீசிய மொழிகளில் தெற்கைக் குறிக்கும் 'தொங்க'. ஹவாயில் தகரம் ககரம் ஆயிற்று, ஙகரம் னகரம் ஆயிற்று. மனிதனைக் குறிக்கும் மாவோரிச் சொல் 'தங்கத', ஹவாயில் 'கனக' ஆனது அதே விதிப்படி. இங்கேயும் விதி இருக்கிறது, வரிசை இருக்கிறது. ஆனால் அந்த வரிசை தமிழ்ப் பக்கம் வருவதில்லை, பசிபிக் தீவுகளுக்குள் போகிறது.

இத்தனை கோனாக்கள் எப்படி? கணக்குப் போட்டால் வியப்பு அடங்கும். ஒரு மொழியில் 15 மெய், 5 உயிர் என்று வைத்துக்கொள்வோம். உயிர்மெய் 75. இரண்டு அசை கொண்ட சொல்வடிவங்கள் 75ஐ 75ஆல் பெருக்கினால் 5625. பேசுகிறவருக்கோ பல்லாயிரம் சொல் வேண்டும். ஆகவே எளிய ஒலி கொண்ட இரண்டு அசை வடிவங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு பொருள் வந்து சேரும். உலகில் மொழிகள் ஏறத்தாழ 7000. ககரமும் மெல்லிய ககரமும் ஒன்று, குறிலும் நெடிலும் ஒன்று, ணகரமும் னகரமும் ஒன்று என்று நாமே விட்டுக்கொடுத்தால் வலை இன்னும் அகலும். பொருளிலும் 'மூலை, வளைவு, முனை, மலை, முழங்கால் எல்லாம் ஒன்றுதான்' என்று தளர்த்தினால் எந்த மொழியையும் எந்த மொழியோடும் உறவாக்கிவிடலாம். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்ற பழங்குடி மொழியை 1960களில் ஆராய்ந்த மொழியியலாளர் டிக்சன், அங்கே நாய்க்குச் சொல் 'டாக்' என்று கேட்டபோது ஆங்கிலக் கடன் என்றே எண்ணினார். அண்டை மொழிகளில் நாய் 'குடக'. ம்பபரத்தில் முதல் அசை விழுவதும் உயிர் மாறுவதும் கடைசி உயிர் தேய்வதும் வழக்கமான விதிகள். மூன்றும் நடந்தபின் மிஞ்சியது டாக். ஆங்கிலத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இந்தக் கருவிகளோடு மலைக்குத் திரும்பினால், நாட்டில் சூடாக விவாதிக்கப்படும் கேள்வி ஒன்று காத்திருக்கிறது. கோகண்ணம் முந்தியதா, கோணமலை முந்தியதா? ஒரு பக்கம், கோகண்ண என்பது ககரம் தேய்ந்து 'கோண' ஆகித் தமிழில் கோணமலை ஆயிற்று என்று வாதிடலாம். மரைக்குப் பெயர் வந்த வழி அதற்குத் துணை. மறுபக்கம், தமிழ்க் கோணமலையை வடமொழியாளர் தம் புகழ்பெற்ற தலப்பெயரான கோகர்ணத்தோடு இணைத்துக்கொண்டனர் என்று வாதிடலாம். குடமூக்கு கும்பகோணம் ஆன வழக்கம் அதற்குத் துணை. இரண்டும் ஒலிவிதிக்குள் அடங்குகின்றன. பாளி நூல் தேவாரத்துக்கு முந்தியது என்பதும் முடிவைத் தராது. ஒரு மொழியில் முதலில் எழுதப்பட்டது என்பதற்காக மற்ற மொழியில் அப்போது பெயரே இல்லை என்று ஆகாது.

எனக்கு முக்கியமாகப் படுவது பதிகம், கல்வெட்டு ஆகியவற்றின் நடத்தை. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் தமிழில் பாடிய பதிகத்தில் இது கோணமாமலை. சோழர் காலத்து நிலாவெளித் தமிழ்க் கல்வெட்டு கோயிலுக்கு விட்ட நிலத்தைச் சொல்லும்போது திருக்கோணமலை என்றும், கோயிலை மச்சகேசுவரம் என்றும் குறிக்கிறது. கோட்டைக்குள் கிடைத்த கிரந்த எழுத்துக் கல்வெட்டு ஒன்று, சக ஆண்டு 1145இல், அதாவது 1223இல், சோடகங்கதேவன் வந்ததை வடமொழியில் சொல்கிறது. அங்கே பெயர் கோகர்ணம். பாளியில் கோகண்ணம், வடமொழியில் கோகர்ணம், தமிழில் கோணமலை. எழுதுகிற மொழி எதுவோ அதுவே பெயரைத் தேர்ந்திருக்கிறது. ஒரே மலைக்கு இரு பெயர் பல நூற்றாண்டு பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. அவற்றின் ஒலி நெருக்கமே இரண்டையும் நிலைக்கவும் வைத்திருக்கும். ஒன்று மற்றதன் திரிபு என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த ஒழுங்கை முதலில் விளக்கட்டும்.

1620களில் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினான். பாண்டியரின் இரட்டை மீன் பொறித்த கல் இன்றும் கோட்டை வாசலில் இருக்கிறது. கோயில் சுவர் கோட்டைச் சுவர் ஆனபோது எத்தனை எழுத்துகள் உட்பக்கம் திரும்பிப்போயினவோ. ஆனாலும் இலங்கையின் பாறைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. தொல்லியலாளர் பரணவிதான 1970இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அந்தக் கால எழுத்தில் ஒகரத்துக்குக் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. இரட்டை மெய்யையும் ஒற்றையாகவே எழுதினார்கள். ஆகவே திருமலைக் காடுகளில் என்றாவது இந்த ஊர்ப்பெயரோடு ஒரு பிராமிக் கல் கிடைத்தால் நெடிலையும் இரட்டிப்பையும் பார்த்துப் பயனில்லை. முதலெழுத்தைத்தான் பார்க்க வேண்டும். அது கூட்டல் குறி வடிவில் இருந்தால் வல்லின ககரம். கோண் என்ற பக்கம் வலுக்கும். கூரை போல மேலே கூடிக் கீழே விரிந்திருந்தால் மெல்லிய ககரம். அப்போது பசுவின் காது.